பக்கவாதம்: பதினாறாவது நாள் யார் பொறுப்பு?

புது தில்லி: மத்திய சுகாதார அமைச்சகம் 2010ஆம் ஆண்டில் ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. புற்றுநோய், சர்க்கரை நோய், இதய நோய், பக்கவாதம் ஆகியவற்றைத் தடுத்துக் கட்டுப்படுத்துவதற்கான தேசியத் திட்டம் என்று அதற்கு நீளமான பெயர். 2023இல் அந்தப் பெயர் மாற்றப்பட்டது. சிறுநீரக நோய், நாட்பட்ட நுரையீரல் நோய், கல்லீரல் கொழுப்பு நோய் ஆகியவையும் சேர்க்கப்பட்டதால், எல்லாவற்றையும் உள்ளடக்கி "தொற்றா நோய்கள் தடுப்பு, கட்டுப்பாட்டுக்கான தேசியத் திட்டம்" என்று சுருக்கிவிட்டார்கள். பட்டியல் நீளும்போது பெயர் சுருங்குவது நிர்வாகத்தில் இயல்புதான். ஆனால், திட்டத்தின் பெயரில் இடம்பெற்றிருந்த பக்கவாதம் என்ற சொல் அதோடு மறைந்துவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். நோய் சிறியதன்று. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் புதிதாகப் பக்கவாதத்துக்கு ஆளாவோர் 12 லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் பிழைத்தெழுவோரில் பெருந்தொகையினர் ஏதோ ஒரு குறையோடு வீடு திரும்புகின்றனர். தாக்குதல் நேர்ந்த முதல் சில மணி நேரத்தைப் பற்றி அண்மைக் காலத்தில் மத்திய, மாநில அரசுகள் சற்று அக்கறை காட்டத் தொடங்கியுள்ளன. அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றித்தான் எந்தக் கோப்பும் பேசுவதில்லை.

நாலரை மணி நேரக் கணக்கு

மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடித்துக் கசிவதாலோ நேர்வது பக்கவாதம். அடைப்பால் வருவதே பெரும்பான்மை. ரத்தம் கிடைக்காத மூளைப் பகுதியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஒருவர் கணக்கிட்டுச் சொன்னார். உலகெங்கும் மருத்துவ மாணவர்களுக்கு இன்று முதலில் சொல்லப்படும் எண் இதுதான்.

அடைப்பைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. ஆல்டிப்ளேஸ் என்னும் அம்மருந்தைத் தாக்குதல் நேர்ந்த மூன்று மணி நேரத்துக்குள் செலுத்தினால் பயன் உண்டு என்பது 1995இல் வெளியான அமெரிக்க ஆய்வில் உறுதியானது. அந்த எல்லை நாலரை மணி நேரம் வரை நீளும் என்பதை 2008இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு காட்டியது. பெரிய குழாயில் அடைப்பு இருந்தால், தொடை வழியாக மெல்லிய குழலைச் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் முறை 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகளால் நிலைபெற்றது. 2018க்குப் பிறகு, தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு 24 மணி நேரம் வரையிலும் அதைச் செய்யலாம் என்றாயிற்று.

ஒரு நிபந்தனை உண்டு. வெளியே பார்த்தால் அடைப்பும் கசிவும் ஒன்றுபோலவே இருக்கும். அதே கோணிய வாய், அதே தொங்கும் கை. கசிவு உள்ளவருக்கு அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தால் அது உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எந்த மருத்துவரும் அந்த ஊசியைத் தொட முடியாது. வழியில் தென்படும் சிறு மருத்துவமனையில் நுழைந்து குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு காத்திருக்கும் நேரம் முழுவதும் வீண் நேரமே. சி.டி. ஸ்கேன் வசதியும் மருந்தும் உள்ள மருத்துவமனைக்கு நேரே போய்ச் சேர வேண்டும். வீட்டிலேயே ஆஸ்பிரின் மாத்திரையைக் கொடுத்துவிடும் பழக்கமும் ஆபத்தானது. மாரடைப்புக்குச் சொன்ன அறிவுரையை இதற்கும் பொருத்திக்கொள்கிறார்கள். கசிவாக இருந்தால் அந்த மாத்திரை கேடு செய்யும்.

அறிகுறிகளை நினைவில் வைப்பது கடினமில்லை. சிரிக்கச் சொன்னால் வாய் ஒரு பக்கம் கோணுகிறது. இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று சரிகிறது. பேச்சு குழறுகிறது, அல்லது சொல்வது புரியவில்லை. திடீரெனப் பார்வை மங்குவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும், இதுவரை அறியாத கடுந்தலைவலியும் சேரலாம். இவற்றில் ஒன்றே போதும். நோயாளி கடைசியாக நல்ல நிலையில் இருந்தது எத்தனை மணிக்கு என்பதை யாராவது ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும். சிலருக்கு அறிகுறிகள் பத்து நிமிடத்தில் மறைந்துவிடும். "தானாகச் சரியாகிவிட்டது" என்று அவர்கள் வேலைக்குப் போய்விடுகின்றனர். பெரிய தாக்குதலுக்கு முன்னறிவிப்பு அது; அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாள் அது.

லக்வா என்னும் சொல்

நம் மொழியில் பக்கவாதம் என்கிறோம். பழைய தலைமுறையினர் பாரிசவாயு என்றனர். "கை கால் விழுந்துவிட்டது" என்பது வழக்குச் சொல். வடமாநிலங்களில் இதற்கு லக்வா என்று பெயர். எந்தச் சொல்லிலும் மூளை இல்லை. நோய் கையிலும் காலிலும் இருப்பதாகவே மொழி நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. கையில் வந்த நோய்க்குத் தைலம் தேய்க்கத் தோன்றுவதில் வியப்பில்லை.

இதைப் பஞ்சாபில் ஆய்வு செய்தே பார்த்திருக்கிறார்கள். லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் ஜெயராஜ் பாண்டியனும் அவருடைய சகாக்களும் நடத்திய அந்த ஆய்வு 2005இல் வெளியானது. வினவப்பட்ட 942 பேரில் 45 சதவீதத்தினருக்கு இந்நோயில் பாதிக்கப்படும் உறுப்பு மூளை என்பது தெரியவில்லை. 23 சதவீதத்தினரால் ஓர் அறிகுறியைக்கூடச் சொல்ல முடியவில்லை. மருத்துவமனைக்கு வந்திருந்தவர்களிடம் கேட்டுப் பெற்ற விடைகள் இவை என்பதையும் கவனிக்க வேண்டும். ஜெயராஜ் பாண்டியன் 2024இல் உலகப் பக்கவாத அமைப்பின் தலைவராகப் பொறுப்பேற்றார்.

ராஜஸ்தானின் நாகௌர் மாவட்டத்தில் புடாட்டி என்றொரு கிராமம் உள்ளது. அங்குள்ள சதுர்தாஸ் மகராஜ் கோயிலை ஏழு நாள்கள் சுற்றி வந்தால் லக்வா குணமாகும் என்பது வடமாநில மக்களின் நம்பிக்கை. நோயாளிகளைத் தாங்கிப் பிடித்து வலம் வரச் செய்யும் குடும்பங்களை அங்கே எந்நாளும் காணலாம். இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது எளிது. உண்மையில் அங்கு வருவோரில் பலர் மருத்துவமனைக்குப் போய்த் திரும்பியவர்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பின் என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால் வருகிறார்கள். ஏழு நாள்கள் தினமும் நடக்க வைக்கும் ஓர் இடம், தங்க ஒரு கூரை, தம்மைப் போன்ற பிற குடும்பங்கள் ஆகியவற்றை அரசு மருத்துவமனை தரவில்லை, கோயில் தருகிறது. ஆனால் முதல் மணி நேரத்திலேயே அங்கு புறப்பட்டுவிடுவோரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது.

இது நகரத்து வசதி படைத்தோரின் நோய் என்ற எண்ணமும் தவறு. மகாராஷ்டிரத்தின் காட்டு மாவட்டமான கட்சிரோலியில், அபய் பாங், ராணி பாங் தம்பதியர் நிறுவிய "சர்ச்" அமைப்பு 86 கிராமங்களில் நிகழ்ந்த மரணங்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தது. 2015இல் வெளியான முடிவுகளின்படி, அங்கு மரணங்களுக்கு முதல் காரணம் பக்கவாதம். ஏழு மரணங்களில் ஒன்று அதனால் நேர்ந்தது. மலேரியாவும் வயிற்றுப்போக்கும்தான் அங்கு மக்களைக் கொல்வதாகத் தலைநகரில் எண்ணிக்கொண்டிருந்தோர் திகைத்தனர். பக்கவாதத்தால் இறந்தோரில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் வீட்டிலேயே உயிர் நீத்தனர் என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது.

மலையிலும் ஆற்றங்கரையிலும்

நாட்டில் நரம்பியல் மருத்துவர்கள் சில ஆயிரம் பேர் மட்டுமே. அவர்களும் பெருநகரங்களில் குவிந்திருக்கின்றனர். எனவே, "ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு நரம்பியல் நிபுணர்" என்ற கோரிக்கை கேட்க நன்றாக இருக்கும், நடக்காது. நிபுணர் இல்லாமலே இதைச் செய்ய முடியுமா என்று இரு சிறிய மாநிலங்கள் யோசித்தன.

இமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத் தலைநகரான ரெக்காங் பியோவிலிருந்து சிம்லாவுக்கு மலைப் பாதையில் 200 கிலோமீட்டருக்கும் மேல். நாலரை மணி நேரத்தில் அதைக் கடப்பது நடவாத காரியம். 2014இல் அம்மாநில அரசு ஒரு வழி கண்டது. சி.டி. ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனைகளில் பணிபுரியும் பொது மருத்துவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. நோயாளி வந்ததும் அவர்கள் ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப் வழியே சிம்லாவிலோ டாண்டாவிலோ உள்ள மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்புவார்கள். அவர் பார்த்துச் சம்மதம் சொன்னால் ஊசி செலுத்தப்படும். பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள மருந்தை அரசே இலவசமாக வழங்கியது. பெரிய கட்டடமோ வெளிநாட்டுக் கருவியோ இல்லை. மருத்துவர்களின் சட்டைப் பையில் ஏற்கெனவே இருந்த கைப்பேசிதான் கருவி. முதல் ஓராண்டில் இவ்வாறு மருந்து பெற்றோர் மிகச் சிலரே என்றாலும், நரம்பியல் நிபுணர் இல்லாத ஊரிலும் இதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்பது நிரூபணமாயிற்று.

அஸ்ஸாமில் பாதை வேறு. தேஜ்பூரில் உள்ள பாப்டிஸ்ட் கிறிஸ்தவ மருத்துவமனையில் நரம்பியல் நிபுணர் இல்லாமல், பொது மருத்துவரின் தலைமையில் பக்கவாதப் பிரிவு ஒன்றை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு உருவாக்கினர். கூடவே, சி.டி. ஸ்கேன் கருவியையும் ரத்தப் பரிசோதனை வசதியையும் உள்ளே பொருத்திய ஊர்தி ஒன்று திப்ரூகரில் இயங்கியது. ஜெர்மனியில் முதன்முதலில் ஓடத் தொடங்கிய ஊர்தி வகை அது. நோயாளியை ஸ்கேன் இருக்கும் இடத்துக்குக் கொண்டு செல்வதற்கு மாறாக, ஸ்கேனே நோயாளியின் வாசலுக்குப் போகும். சிகிச்சை கிடைக்க ஆகும் நேரம் சுமார் 24 மணியிலிருந்து சுமார் இரண்டு மணியாகக் குறைந்ததாகக் கவுன்சில் தெரிவித்தது. 2025 ஆகஸ்டில் அந்த ஊர்தியை மாநில அரசிடம் ஒப்படைத்தனர். ஆராய்ச்சி நிதியில் ஓடிய வண்டி அரசு நிதியில் எத்தனை காலம் ஓடும் என்பதையும் கவனித்து வர வேண்டும். தொடக்க விழா முடிந்ததும் துருப்பிடித்த ஊர்திகளுக்கு நம் நாட்டில் குறைவில்லை.

கேரளம், "சிரஸ்" என்ற திட்டத்தின் கீழ் மாவட்ட மருத்துவமனைகளில் பக்கவாதப் பிரிவுகளை ஏற்படுத்தியுள்ளது. மருந்து விலையிலும் மாற்றம் வந்திருக்கிறது. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய ஆல்டிப்ளேஸுக்கு மாற்றாக, ஒரே ஊசியில் செலுத்தக்கூடிய டெனெக்டிப்ளேஸ் உள்நாட்டிலேயே தயாராகிறது; விலையும் குறைவு. 2022இல் திருத்தப்பட்ட தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

இவை எல்லாம் முதல் நாளைப் பற்றிய செய்திகள். அவற்றில் முன்னேற்றம் இருப்பதை மறுக்க வேண்டியதில்லை.

காப்பீடு முடியும் இடம்

2018 செப்டம்பரில் ராஞ்சியில் பிரதமர் தொடங்கி வைத்த ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. 2024 அக்டோபர் முதல் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வேறுபாடு இன்றி, அது விரிவுபடுத்தப்பட்டது. பக்கவாதம் முதியோரைப் பெருமளவில் தாக்கும் நோய் என்பதால் இது நல்ல செய்தியே. ஆனால் திட்டத்தின் விதியைப் படித்தால், மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்ட பிறகு 15 நாள்கள் வரையிலான பரிசோதனைக்கும் மருந்துக்கும் மட்டுமே அது பொறுப்பேற்கிறது. வெளிநோயாளி சிகிச்சை திட்டத்தில் இல்லை.

எலும்பு முறிவுக்கோ குடல்வால் அறுவைக்கோ 15 நாள்கள் ஓரளவு பொருந்தலாம். பக்கவாதத்தில் உண்மையான வேலை தொடங்குவதே அப்போதுதான். இழந்த இயக்கத்தில் பெரும்பகுதி திரும்புவது முதல் மூன்று மாதங்களில். அதற்குப் பின்னும் மெதுவாக முன்னேற்றம் தொடரும். அக்காலத்தில் அன்றாடம் இயன்முறைப் பயிற்சி வேண்டும்; பேச்சுப் பயிற்சி வேண்டும். சட்டைப் பொத்தான் போடவும் குவளையைப் பிடிக்கவும் மறுபடி கற்றுக்கொடுக்க ஒருவர் வேண்டும். இவை மருத்துவமனைக் கட்டிலில் கிடைப்பவை அல்ல. எனவே காப்பீட்டுக் கணக்கில் வருவதில்லை.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் போர்வை விரித்துப் படுத்திருக்கும் குடும்பங்கள் உத்தரப் பிரதேசம், பிகார் என்று பல மாநிலங்களிலிருந்து வருபவை. பக்கவாத நோயாளியைச் சேர்ந்தோர் அங்கிருந்து ஊர் திரும்பும்போது, கையில் ஒரு மருந்துச் சீட்டும் "பிசியோதெரபி செய்யுங்கள்" என்ற ஒரு வரியும் இருக்கும். அதை யார் செய்வார், எங்கே செய்வார் என்பதைச் சீட்டு சொல்வதில்லை. மாவட்டத் தலைநகரில் ஒரு தனியார் பயிற்சியாளர் இருக்கலாம். நடக்க முடியாத ஒருவரை வாரத்தில் மூன்று நாள்கள் வாடகை வண்டியில் அங்கு கொண்டு செல்ல, கூலி வேலையை விட்டு இன்னொருவர் உடன் செல்ல வேண்டும்.

பெரும்பாலும் அந்த வேலை மனைவியின் தலையிலோ மகளின் தலையிலோ மருமகளின் தலையிலோ விழுகிறது. அவருக்கும் யாரும் எதையும் கற்றுத் தருவதில்லை. விழுங்கும் திறன் சரியாக உள்ளதா என்று பார்க்காமல் தண்ணீர் புகட்டினால் அது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாகும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். பக்கவாதத்தால் இறப்போரில் பலர் இத்தகைய பின்விளைவுகளால்தான் இறக்கின்றனர். மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வும் வருகிறது. அதைப் பிடிவாதம் என்றும் சோம்பல் என்றும் வீட்டார் எடுத்துக்கொள்கின்றனர்.

பேச்சிழந்தோரின் நிலை இன்னும் கடினம். முன்னாள் பிரதமர் வாஜ்பாய் 2009இல் பக்கவாதத்துக்கு ஆளானார். அதன் பின் அவரது பேச்சுத் திறன் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. நாடாளுமன்றத்தை அரை நூற்றாண்டு தம் பேச்சால் கட்டிப்போட்டவர், 2018இல் மறையும் வரை பொதுமேடையில் தோன்றவே இல்லை. 2015 மார்ச்சில் பாரத ரத்னா விருதைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி அவர் வீட்டுக்கே சென்று வழங்க வேண்டியிருந்தது. மொழியை ஆளும் பகுதி பெரும்பாலோருக்கு மூளையின் இடப்புறத்தில் உள்ளது. அது உடலின் வலப்புறத்தையும் ஆள்கிறது. அதனால் வலது கை விழுந்தவர்களுக்குச் சொல்லும் போவது மிகுதி. அறிவு அப்படியே இருக்கும். சொல் மட்டும் வராது. அவ்வாறு வாய் அடைபட்டோரைப் புத்தி பேதலித்தவராக நடத்தும் வீடுகள் எத்தனையோ. பேச்சுப் பயிற்சியாளர் என்பவர் பெரும்பாலான மாவட்டங்களில் கேள்விப்படாத ஒரு பதவி.

குடும்பமே பயிற்சியாளர் ஆகலாமா?

பயிற்சியாளர்கள் இல்லையென்றால் குடும்பத்தினருக்கே பயிற்சி தரலாமே என்று கேட்கத் தோன்றும். செலவில்லாத வழி, நம் கூட்டுக்குடும்பப் பெருமைக்கும் பொருத்தமானது. அரசுகள் விரும்பும் விடையும் அதுவே. ஆனால் இந்தக் கேள்விக்கு இந்தியாவே சோதித்து விடை கண்டிருக்கிறது. "அட்டெண்ட்" என்ற பெயரில் நாட்டின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வெளியானது. ஒரு பிரிவில் குடும்பத்தினர் ஒருவருக்கு மருத்துவமனையிலேயே பயிற்சி தொடங்கி, வீட்டிலும் இரண்டு மாதம் வரை தொடர்ந்தனர். மறுபிரிவில் வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரு பிரிவிலும் 47 சதவீதத்தினர் இறந்திருந்தனர் அல்லது பிறரைச் சார்ந்து வாழ்ந்தனர். வேறுபாடு இல்லை.

இந்த முடிவு வெறும் தோல்வி என்று புறந்தள்ளத்தக்கதன்று. குடும்பத்தின் அன்பைத் தேர்ந்த பயிற்சியாளரின் கையாக எண்ணிக் கணக்கு முடிக்க முடியாது என்பதை அது எண்களில் சொல்லிவிட்டது. பிரச்சினையை வீட்டுப் பெண்களிடம் தள்ளிவிட்டு அதற்குச் "சமூகப் பங்கேற்பு" என்று பெயர் சூட்டுவோர் முதலில் படிக்க வேண்டிய அறிக்கை அது.

2023இல் வெளியான இன்னோர் இந்திய ஆய்வு, 31 மருத்துவமனைகளில் 4,298 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. பன்னிரண்டு மொழிகளில் குறுஞ்செய்தி, காணொலி, பயிற்சிப் புத்தகம் ஆகியவற்றைப் பாதிப்பேருக்கு அனுப்பினர். அவர்கள் மாத்திரைகளை ஒழுங்காக உட்கொண்டனர். புகையையும் மதுவையும் குறைத்தனர். ஆனால் ஓராண்டில் மீண்டும் பக்கவாதமோ மாரடைப்போ வருவது குறையவில்லை. கைப்பேசியில் அனுப்பும் அறிவுரைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதே இதிலிருந்து கிடைக்கும் செய்தி.

அப்படியானால் என்ன செய்வது? விடை தென்மாநிலங்களில் ஓரளவு கண்ணில் படுகிறது. வலி தணிப்புச் சிகிச்சைக்கென 2008இல் கொள்கை வகுத்த கேரளத்தில், ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர்கள் படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகளை வீட்டில் சேர்ப்பதோடு, இயன்முறை சிகிச்சையையும் வலி தணிப்புச் சேவையையும் வீட்டுக்கே கொண்டு சென்றது. ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஒருசில பயிற்சியாளர்கள் என்றால், ஒரு நோயாளிக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை முறை வரும் என்ற கணக்கு தமிழக அரசிடம் கேட்கப்பட வேண்டிய ஒன்று. எனினும், நோயாளியின் வாசலுக்கு அரசு ஊழியர் வருவது என்ற கொள்கையே வட மாநிலங்களில் பலவற்றில் இன்னும் எட்டாக் கனி.

மாத்திரையின் விலை

தாக்குதலைத் தடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். அதற்கு நிபுணர் தேவையில்லை. பக்கவாதத்தின் முதற்காரணம் ரத்தக் கொதிப்பு. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, 15 வயதைக் கடந்த ஆண்களில் 24 சதவீதத்தினருக்கும் பெண்களில் 21 சதவீதத்தினருக்கும் அது உள்ளது. புகையிலை, சர்க்கரை நோய், உப்பு ஆகியவையும் பட்டியலில் உள்ளன. காற்று மாசும் இருக்கிறது என்பதைத் தலைநகர்வாசிகளுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

2017இல் பஞ்சாப், கேரளம், மத்தியப் பிரதேசம், தெலங்கானா, மகாராஷ்டிரம் ஆகிய ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் தொடங்கிய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சி ஒன்று எளிய உண்மையைக் காட்டியது. எல்லோருக்கும் ஒரே மாதிரியான, விலை குறைந்த மாத்திரை; ஒவ்வொரு முறையும் ஒரு மாதத்துக்குத் தேவையான அளவு; வராதவரைத் தேடிப் பிடிக்க ஒரு செவிலியர். இவ்வளவே. மாத்திரை ஒன்று சில ரூபாய்க்கும் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது தீர்ந்துபோகாமல் இருப்பதுதான் அரிது. ஏற்கெனவே ஒருமுறை தாக்குண்டவருக்கு இம்மாத்திரை இன்னும் முக்கியம். நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிட்டுத் திரும்ப விழுவோர் ஏராளம்.

இரு தொழிலாளிகள்

நாடாளுமன்றத்தில் இவை பற்றிக் கேள்வி எழும்போதெல்லாம் அமைச்சகத்தின் விடை பெரும்பாலும் ஒரே வாசகத்தில் தொடங்கும்: பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலைச் சேர்ந்தவை. அரசமைப்புச் சட்டப்படி அது சரியே. ஆனால் காப்பீட்டுத் திட்டத்தின் விதிகளை வகுப்பது மத்திய அரசு. 15 நாள் என்ற எல்லையை வைத்ததும் அதுவே. பக்கவாதத்துக்கு மட்டும் அதை ஆறு மாதமாக்கி, வெளிநோயாளி இயன்முறைப் பயிற்சியையும் சேர்ப்பதற்கு அரசமைப்புத் திருத்தம் எதுவும் தேவைப்படாது.

அப்படிச் செய்வது முடியாத காரியம் அல்ல என்பதற்கு அரசின் வேறொரு திட்டமே சான்று. ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீட்டில், நீண்டகால நோய்களுக்கான நீட்டிக்கப்பட்ட உதவித்தொகை என்று ஒன்று உள்ளது. தகுந்த காலம் சந்தா செலுத்திய தொழிலாளி பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தால், ஊதியத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரையில் கிடைக்க வழியுண்டு. ஆக, இந்நோயிலிருந்து மீள இரண்டு ஆண்டுகள் ஆகலாம் என்பதை அரசு அறியாமல் இல்லை. ஆலைத் தொழிலாளிக்கு அதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதே தெருவில் வசிக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் ரிக்‌ஷா ஓட்டுபவருக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் 15 நாள்.

மீதமிருப்பது ஊனமுற்றோருக்கான சலுகை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பக்கவாதத்தால் வரும் கை கால் முடக்கம் அதில் அடங்கும். மூளைப் பாதிப்பால் பேச்சிழப்பதும் சட்டத்தின் அட்டவணையிலேயே குறிப்பிடப்பட்டுள்ளது. பலருக்கு இது தெரியாததால் சான்றிதழ் கேட்பதே இல்லை. கேட்டாலும், குறைபாடு நிலைபெற்றுவிட்டதா என்று பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 40 சதவீதம் என்றால் சில சலுகைகள் உண்டு. மத்திய அரசின் இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியம் பெற 80 சதவீதக் குறைபாடு இருக்க வேண்டும்; வறுமைக்கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும். மாநிலங்கள் தம் பங்காகக் கூடுதல் தொகை சேர்க்கின்றன. மத்திய அரசின் பங்கு, 79 வயது வரை, மாதம் 300 ரூபாய். 2012 அக்டோபரில் அது 200 ரூபாயிலிருந்து உயர்த்தப்பட்டது. 2025 வரை அதற்குமேல் ஒரு ரூபாயும் உயரவில்லை.